பதினோரு நிமிட வேலை

மார்ச் 4

வீட்டுக்காரிக்கு,

கையில் போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறான் என்று நினைப்பாய். காரணம் இருக்கிறது. பதறாமல் படி. இந்த நாட்டில் தங்குவதற்கான உன் குடியிருப்பு அட்டையை ரத்து செய்துவிட்டார்கள்.

வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று வருடத்துக்கு ஒரு முறை அரசாங்கத்துக்குச் சொல்ல வேண்டும் அல்லவா. போன மாதம் அந்தப் படிவத்தை நான்தான் கம்ப்யூட்டரில் நிரப்பினேன். உன் பெயருக்கு எதிரே ஒரு டிக் தவறுதலாக வேறு கட்டத்தில் விழுந்துவிட்டது. உங்கள் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து நீ கிளம்பிப் போய் ஐந்து மாதம் ஆகிறது. அந்த டிக்கையும் இதையும் சேர்த்துக் கணக்குப் பார்த்திருக்கிறார்கள், மூன்றாம் நாள் ரத்துக் கடிதம் வந்துவிட்டது.

அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வேலை என்றால் இதுதான் வேலை. படிவம் மொத்தம் பதினோரே நிமிடம், நேரம் பார்த்தேன். லிஃப்ட் ரிப்பேருக்குப் போகிறவனுக்கு எதற்கும் நேரம் பார்க்கிற பழக்கம் விடாது, உனக்குத் தெரியும். லஞ்சம் கிடையாது, சிபாரிசு கிடையாது, "நாளைக்கு வா" கிடையாது. அங்கே ஒரு ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க நாம் பட்ட பாட்டை நினைத்துப் பார்.

புது அட்டைக்கு வழியும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். திருமணச் சான்றிதழின் அரசு முத்திரை வைத்த நகல் வேண்டும், அது உன் வேலை. நம் கல்யாணம் நடப்பில் இருக்கிறது என்பதற்கு ஆதாரமாகக் கையெழுத்துக் கடிதங்கள் வேண்டும், தபால் முத்திரை உள்ள உறையோடு. ஆளுக்கு ஒன்றாவது இருக்க வேண்டும். போன் பேசியதெல்லாம் செல்லாதாம், எவ்வளவு நேரம் பேசினோம் என்றுதான் அதில் தெரியுமாம்.

அதனால் எழுது. கொஞ்சம் அன்பாக எழுது. சண்டை விஷயம் எதுவும் வேண்டாம். தேதியைத் தெளிவாகப் போடு.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்


மார்ச் 15

வீட்டுக்காரருக்கு,

அன்பாக எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். எழுதுகிறேன். நீங்கள் நலமா? நான் நலமில்லை.

அந்தச் சான்றிதழுக்காக இந்த வாரம் இரண்டு முறை பதிவாளர் ஆபீசுக்குப் போனேன். முதல் நாள் வரிசையில் நின்று என் முறை வருவதற்கும் பெரிய கண்ணாடி போட்ட அந்த கிளார்க் ஜன்னல் கதவைச் சாத்துவதற்கும் சரியாக இருந்தது. மணி பன்னிரண்டே முக்கால் கூட ஆகவில்லை. "சாப்பிடப் போறோம்மா, மனுசங்கதானே நாங்களும்" என்றார். இரண்டாம் நாள் கையெழுத்துப் போடுகிற அதிகாரி பயிற்சிக்குப் போயிருக்கிறார். எத்தனை நாள் பயிற்சி என்று கேட்டேன். "அது அவருக்கே தெரியாதும்மா" என்கிறார். பற்றிக்கொண்டு வந்தது. நன்றாகக் கத்திவிட்டுத்தான் வந்தேன்.

வீட்டுக்கு வந்தால் அப்பாவுக்குப் பயிற்சி கொடுக்கிற பெண் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டாள். ஒரு நாள் விட்டாலும் கை இறுகிவிடுகிறது. சித்திக்கும் முட்டி வலி, அவரைத் தூக்கி உட்கார வைக்க அவளால் முடியாது. ஒரு நகலுக்காக அப்பா ஒரு நாள் பின்னால் போகிறார். எரிச்சலாக இருக்குமா இருக்காதா, நீங்களே சொல்லுங்கள்.

அங்கே நான் வேலை பார்த்த பல் கிளினிக்கிலிருந்து பெரிய நர்ஸ் செய்தி அனுப்பியிருந்தார். மே கடைசி வரை என் இடத்தில் வேறு ஆள் போட மாட்டார்களாம். அதற்குமேல் அவர் கையில் இல்லையாம். ஆகவே எனக்கும் அவசரம்தான்.

ஆனால் இரண்டு விஷயம் புரியவில்லை. ஒன்று, "அன்பாக எழுது, சண்டை வேண்டாம்" என்று சொல்லிக்கொடுக்கிற உங்கள் கடிதத்தையேவா ஆதாரமாகக் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறீர்கள்? நல்ல ஆதாரம். இரண்டு, ஒரு திருகு தளர்ந்திருந்தால்கூட மூன்று தடவை தொட்டுப் பார்க்கிற ஆள் நீங்கள். உங்கள் கையில் ஒரு டிக் எப்படித் தவறுதலாக விழுந்தது?

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி


மார்ச் 24

வீட்டுக்காரிக்கு,

முதல் கடிதத்தைப் பற்றி நீ சொன்னது சரிதான், எனக்குத் தோன்றவே இல்லை. அதை விட்டுவிடலாம். உன் கடிதம் ஒன்று, இந்தக் கடிதம் ஒன்று, போதும்.

நேற்று அரை நாள் லீவு போட்டுவிட்டு அந்த ஆபீசுக்கே போனேன். நேரில் பேசினால் புரியும் என்று நினைத்தேன். கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. டோக்கன் எடுத்தேன். காத்திருக்க நாற்காலி, தண்ணீர், எல்லாம் இருக்கிறது. ஆறாவது நிமிடம் என் எண் வந்தது. அந்தப் பெண் சிரித்த முகமாக, "என்ன உதவி வேண்டும்?" என்றாள். நடந்ததைச் சொன்னேன். மனைவி போனது உடம்பு சரியில்லாத தகப்பனைப் பார்க்க, அவள் திரும்பி வருவாள், படிவத்தில் பிசகு நடந்துவிட்டது, நீங்களே அழித்து எழுதிக்கொள்ளக்கூடாதா என்றேன். முழுவதும் கேட்டாள். "உங்கள் சிரமம் புரிகிறது" என்றாள். பிறகு முதலில் வந்த கடிதத்தின் நகலையே இன்னொன்று எடுத்துக் கையில் கொடுத்தாள். அடுத்த எண் வந்துவிட்டது. உள்ளே போய் வெளியே வர ஒன்பது நிமிடம்.

வெளியே வந்து நடைபாதையில் நின்றேன். நீயாவது அந்த கிளார்க்கிடம் கத்தினாய். எனக்குக் கத்துவதற்குக்கூட ஒரு ஆள் இல்லை. எல்லோரும் மரியாதையாக இருக்கிறார்கள், சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

கடிதங்களை மொழிபெயர்க்க அரசு அங்கீகாரம் பெற்ற ஒரு அம்மாவைப் பிடித்திருக்கிறேன். நம் பாஷைக்கு இந்த ஊரில் அவர் ஒருவர்தான். மாடியில் ஒரு சின்ன அறை, மேஜை முழுக்கப் பிறப்புச் சான்றிதழ்கள். உன் கடிதத்தைப் படித்துவிட்டு, "உங்க வீட்டம்மா எழுத்துல காரம் இருக்கு" என்றார்.

டிக் எப்படி விழுந்தது என்று கேட்டிருக்கிறாய். படிவம் குழப்பமாக இருந்தது, அவ்வளவுதான். இந்த ஊர்ப் பாஷை உனக்கு வருகிற மாதிரி எனக்கு வராது. அதையே கிளறாதே. சான்றிதழைச் சீக்கிரம் வாங்கி அனுப்பு.

உன் வீட்டுக்காரன்


ஏப்ரல் 3

வீட்டுக்காரருக்கு,

இனிமேல் உங்கள் அருமை ஆபீசை நானும் குறை சொல்ல மாட்டேன். என் பெயரில் இருக்கிற கோப்பை எனக்கும் காட்டுங்கள் என்று மின்னஞ்சலில் கேட்டேன். இரண்டே நாளில் மொத்தத்தையும் அனுப்பிவிட்டார்கள். இனி இந்த விஷயத்தில் யார் எதைக் கொடுத்தாலும் எனக்கு ஒரு நகல் வருமாம். நான் கேட்காமலே செய்கிறார்கள்.

நீங்கள் நிரப்பிய படிவம் இப்போது என் எதிரில் இருக்கிறது. குழப்பம் எங்கே என்று தேடித் தேடிப் பார்த்தேன், காணவில்லை. என் பெயர். அதற்குக் கீழே மூன்று கட்டம். "இங்கே வசிக்கிறார்." "தற்காலிகமாக வெளியே இருக்கிறார்." "போய்விட்டார், திரும்புவாரா தெரியவில்லை." மூன்றாவதில் டிக். அதோடு விடவில்லை. அதைத் தேர்ந்தெடுத்தால் "உறுதியாகச் சொல்கிறீர்களா?" என்று இன்னொரு தடவை கேட்கிறது. அதற்கும் ஆமாம் என்று சொல்லியிருக்கிறீர்கள்.

பிப்ரவரி 9, உங்கள் நேரம் மாலை 6.52 என்று கீழே அச்சாகியிருக்கிறது. என் போனை எடுத்துப் பார்த்தேன். அன்றைக்கு நாம் பேசி முடித்தது உங்கள் நேரப்படி 6.41. பதினோரு நிமிடம் என்று நீங்களே பெருமையாக எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் போனை வைத்த கையோடு போய் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

அன்றைக்கு என்ன பேசினோம் என்று எனக்கு மறக்கவில்லை. அப்பாவுக்கு ஒரு ஆள் வைத்துவிட்டு வா என்றீர்கள். அவர் என்ன வீட்டுச் சாமானா என்றேன். இதோ வருகிறேன் என்று எத்தனை மாதம் சொல்வாய் என்றீர்கள். போகிற போக்கைப் பார்த்தால் இங்கேயே இருந்துவிடலாம் போல இருக்கிறது என்றேன். கோபத்தில் ஒரு பேச்சு அது. அதை வைத்துக்கொண்டு என்னை அரசாங்கத்திடம் எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். அப்புறம் தவறுதலாக விழுந்தது என்று இத்தனை நாளாக சப்பைக்கட்டு.

அந்தக் கோப்போடு எனக்கும் ஒரு தாள் வந்திருக்கிறது. "இந்தத் திருமணம் தொடர்கிறது" என்று நானும் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும், மே 15-க்குள். அனுப்பாவிட்டால் விண்ணப்பம் அதோடு முடிந்ததாம். அதைப் பீரோவில் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடவில்லை.

அப்பா இன்று ஜன்னல் வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். உங்களிடம் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன்.


ஏப்ரல் 12

உனக்கு,

நான்கு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

தவறுதலாக விழவில்லை. நானேதான் போட்டேன்.

அன்றைக்கு வேலையிலிருந்து வந்திருந்தேன். பதினான்கு மாடிக் கட்டடம், லிஃப்டுக்குள்ளே ஒருவர் மாட்டிக்கொண்டு ஒரே கூச்சல். அவரை இறக்கிவிட்டு வந்து, சாப்பிடக்கூட இல்லாமல் உனக்குப் போன் போட்டேன். நீ அந்த வார்த்தையைச் சொன்னாய். போனை வைத்தேன். வீடு நிசப்தமாக இருந்தது. உன் குடை மூலையில் நிற்கிறது, உன் செருப்பு நீ விட்ட இடத்தில் இருக்கிறது. மாதக்கணக்காக நான் ஒருத்தன் அந்தச் செருப்பைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருக்கிறேன். அந்த நேரம் பார்த்து "வீட்டு விவரங்களை நிரப்ப நினைவூட்டுகிறோம்" என்று செய்தி வருகிறது. உட்கார்ந்தேன். உன் பெயர் வந்தது. திரும்புவாரா தெரியவில்லை என்று எழுதியிருந்தது. எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. போட்டேன். உறுதியா என்று கேட்டது. யாரோ ஒருவராவது என்னைக் கேட்டார்களே என்று இருந்தது. ஆமாம் என்று அழுத்தினேன்.

அழுத்தின பிறகுதான் சோறு வைத்தேன். சோறு வேகிறதுக்குள்ளேயே கோபம் போய்விட்டது. திரும்பப் போய் மாற்றலாம் என்று பார்த்தால், "உங்கள் விவரம் பதிவாகிவிட்டது, நன்றி" என்று நிற்கிறது.

அங்கே இருந்திருந்தால் இது நடந்திருக்காது. படிவம் வாங்க ஒரு நாள் போயிருப்பேன், போட்டோ ஒட்ட ஒரு நாள். உன் பெரிய கண்ணாடி கிளார்க் சாப்பிடப் போயிருப்பார். பஸ்ஸில் திரும்பி வரும்போதே இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று கசக்கிப் போட்டிருப்பேன். இங்கே ஒரு மனுஷன் கோபம் ஆறி முடிப்பதற்குள் வேலையை முடித்துவிடுகிறார்கள். இவர்களைத்தான் உன்னிடம் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினேன்.

ஆனாலும் பழி அவர்கள் மேல் இல்லை. டிக் போட்டது நான். அதைவிட, உன்னிடம் மறைத்ததுதான் எனக்கே கேவலமாக இருக்கிறது. பயமாக இருந்தது, அதனால் மறைத்தேன். என்னை மன்னித்துவிடு.

ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் தாடி என்று ஒருவர், இங்கே இருபது வருடமாக இருக்கிறார். அவரிடம் பொதுவாகக் கேட்டேன். பொய் என்று தெரிந்தே படிவத்தில் எழுதினேன் என்று ஒத்துக்கொண்டால் விண்ணப்பத்தைத் தள்ளிவிடுவார்களாம், ஒரு வருடம் மறுபடி கேட்க முடியாதாம். தவறுதல் என்றால் எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்களாம். அதனால் இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு. நீ எழுதிய போன கடிதத்தையும் நான் கொடுக்கப் போவதில்லை.


ஏப்ரல் 20

வீட்டுக்காரருக்கு,

கிழிக்கவில்லை.

சான்றிதழ் கிடைத்துவிட்டது, ஐந்தாவது நடையில். அதிகாரி கையெழுத்துப் போட்டே ஒன்பது நாள் ஆகியிருக்கிறது. யாரோ அதை வேறு காகிதக் கட்டோடு சேர்த்துவிட்டார்கள். பெரிய கண்ணாடி அலமாரி அலமாரியாகத் தேடி, தும்மித் தும்மி எடுத்துக் கொடுத்தார். நான்கு நடை அலைய விட்டதற்கு ஒரு வார்த்தை வருத்தம் கிடையாது. கொடுக்கும்போது, "வீட்டுக்காரர்கிட்டப் போறதுக்குத்தானேம்மா? எப்பப் போறீங்க?" என்று கேட்டார். "தெரியல சார்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு, "ரெண்டு நகலா வச்சுக்குங்க, எதுக்கும் இருக்கட்டும்" என்று இன்னொன்றும் முத்திரை வைத்துக் கொடுத்தார்.

தெரியவில்லை என்று நீங்கள் போட்டது எனக்கு ஏன் அவ்வளவு வலித்தது என்று வழியெல்லாம் யோசித்தேன். உங்களுக்குத் தெரியவில்லை என்பது தப்பில்லை. அதை என்னிடம் சொல்லாமல் ஒரு ஆபீசிடம் போய்ச் சொன்னீர்கள். பிறகு என்னிடம் பொய் சொன்னீர்கள். எனக்கு அதுதான் ஆறவில்லை.

இத்துடன் சான்றிதழும், நீங்கள் எனக்கு எழுதிய மூன்று கடிதமும் உறையோடு கூரியரில் வருகின்றன. நான் எழுதியதில் மூன்று, இதையும் சேர்த்து, உங்களிடம் இருக்கும். எதைக் கொடுப்பது, எதை விடுவது என்பது உங்கள் இஷ்டம். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். நீங்கள் கொடுத்ததன் பட்டியல் எனக்கும் வரும். அதைப் பார்த்த பிறகுதான் அந்தத் தாளில் கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வேன்.

இது உங்களை மாட்டிவிடுவதற்காக இல்லை. அந்த ஆபீஸ் நம்மை நம்புமா என்று நீங்கள் கவலைப்படுகிறீர்கள். உங்களை நம்பிக்கொண்டு விமானம் ஏறலாமா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

உங்கள் வீட்டுக்காரி


ஏப்ரல் 29

வீட்டுக்காரிக்கு,

கூரியர் வந்தது. நாளைக் காலை 9.40-க்கு டோக்கன் போட்டிருக்கிறேன்.

ஆறு கடிதத்தையும் எடுத்துக்கொண்டு மொழிபெயர்ப்பு அம்மாவிடம் போனேன். எல்லாவற்றையும் மொழிபெயர்த்து, முத்திரை குத்தி, ஒவ்வொன்றிலும் எண் போட்டுக் கொடுத்துவிட்டார். கொடுக்கும்போது இரண்டாவதையும் மூன்றாவதையும் தனியாக எடுத்து மேலே வைத்தார். "இது ரெண்டு போதும் தம்பி. மத்ததை வீட்டுல வச்சுக்குங்க. அஞ்சாவது உள்ளே போச்சுன்னா என்ன ஆகும்னு நான் நிறையப் பார்த்துட்டேன்" என்றார். மூன்றாவதில் பச்சையாகப் பொய் எழுதியிருக்கிறேனே அம்மா என்றேன். "பொய்யோ நிஜமோ, அதுக்கு அட்டை கிடைக்கும்" என்றார்.

எனக்குத் தலையே வெடித்துவிடும் போல இருக்கிறது. அட்டை வந்தால் மே கடைசிக்குள் நீ வந்துவிடலாம், கிளினிக் வேலை இருக்கிறது. பொய்யைக் கொடுத்தால் அட்டை வரும், நீ வர மாட்டாய். உண்மையைக் கொடுத்தால் நீ வருவாய், அட்டை வராது. எந்தக் கட்டடத்திலும் இப்படி ஒரு லிஃப்டை நான் பார்த்ததில்லை. என்னுடைய அட்டையையும் அவர்கள் தோண்டினால் என்ன செய்வது என்று வேறு பயம்.

நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நாளை 9.40 போய் ஒரு வாரம் ஆகியிருக்கும். போனும் போட மாட்டேன். போட்டால் உன்னிடமே கேட்டுவிடுவேன், அது சரியில்லை.

உன் வீட்டுக்காரன்


மே 10

என்னங்க,

பட்டியல் ஏப்ரல் 30-ஆம் தேதியே வந்துவிட்டது. நீங்கள் அங்கே ஜன்னலை விட்டு நகர்ந்திருக்கக்கூட மாட்டீர்கள். "இணைக்கப்பட்ட கடிதங்கள்: ஆறு." ஒன்று ஒன்றாக எண்ணினேன். ஐந்தாவது இருந்தது. "அன்பாக எழுது" என்கிற முதல் கடிதம்கூட இருந்தது. அதைக் கொடுக்க வேண்டாம் என்று நானே சொல்லியிருந்தேனே, அதையும் ஏன் கொடுத்தீர்கள் என்று சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

உடனே பீரோவைத் திறந்து அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டேன். சித்தியை அப்பா பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு கூரியர் ஆபீசுக்கு ஓடினேன். நான்கு நாளில் போய்ச் சேரும் என்றார்கள்.

மே 2-ஆம் தேதி மின்னஞ்சல் வந்துவிட்டது. தெரிந்தே தவறான தகவல் கொடுத்ததை விண்ணப்பதாரர் தம் கைப்பட ஒப்புக்கொண்டிருப்பதால் நிராகரிக்கப்படுகிறது, ஓராண்டுக்குப் பிறகு மீண்டும் விண்ணப்பிக்கலாம், உங்கள் அட்டைக்கு எச்சரிக்கை மட்டும். இரண்டே நாள். நான் ஆமாம் என்று போட்ட கையெழுத்து விமானத்திலேயே இருக்கிறது, அவர்கள் இல்லை என்று சொல்லியே முடித்துவிட்டார்கள். பொய் சொன்னபோது மூன்று நாள் எடுத்துக்கொண்டவர்கள், உண்மையைச் சொன்னதற்கு ஒரு நாளைக் குறைத்துக்கொண்டார்கள். வயிறு எரிகிறது. இந்த ஒரு தடவை அவர்கள் பெரிய கண்ணாடி மாதிரி காகிதத்தை எங்கேயாவது தொலைத்திருக்கக்கூடாதா?

போனில் கூப்பிட்டிருக்கலாம். அழுதுகொண்டே பேச எனக்குப் பிடிக்காது, அதனால் எட்டு நாள் கழித்து எழுதுகிறேன். நீங்களும் கூப்பிடவில்லை. உங்கள் ஏப்ரல் 29 கடிதம் நேற்றுதான் வந்தது. அதை இரண்டு தடவை படித்தேன்.

கிளினிக்குக்கு எழுதிவிட்டேன், வேறு ஆள் போட்டுக்கொள்ளச் சொல்லி. அது போகட்டும்.

அப்பா கேட்டார், "மாப்பிள்ளை என்னம்மா சொல்றாரு?" பேச்சு இப்போது கொஞ்சம் தெளிவாக வருகிறது. "உண்மையைச் சொல்லிட்டு மாட்டிக்கிட்டாருப்பா" என்றேன். சிரித்தார். "அப்ப அவரை இங்க வரச் சொல்லு" என்றார்.

நானும் அதைத்தான் சொல்கிறேன். ஒரு வருடம் நான் வர முடியாது. நீங்கள் வருவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். எத்தனை நாள் லீவு தருவார்களோ அத்தனையும் எழுதிக் கேளுங்கள். எனக்கு உங்கள் மேல் இருக்கிற கோபம் இன்னும் தீரவில்லை. அதைக் காகிதத்தில் எழுதி எழுதிக் கை வலிக்கிறது. நேரில் வாங்க, திட்ட வேண்டும்.